மட்கார்டுக்கு உண்டு, மணிக்கட்டுக்கு இல்லை

இன்ஷூரன்ஸ் ஏஜண்டாகப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோரையும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்து மறிக்கும். கார்க்காரர் பாலிசித் தாளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த எக்ஸ்ட்ரா எல்லாம் போடணுமா, வேணாமா? உள்ளதைச் சொல்லுங்க" என்பார். உங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள், எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள் என்றுதான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் நின்று கார்க்காரரோடு பேசிப் பழக்கமில்லாதவர்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அந்த வண்டியில் ஒருமுறை ஏறிப் போய்விட்டு வாருங்கள் என்பேன். ஏன் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கதை.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு மாடி அறைதான் அப்போது என் ஆபீஸ். முப்பதுகளின் கடைசி, யுத்தம் இன்னும் வரவில்லை. அங்கிருந்து திண்டிவனம் வரை ஓடும் கார்களைச் சத்தத்தை வைத்தே இன்னாருடையது என்று சொல்லிவிடுவேன், அவ்வளவு குறைவு. இன்று சட்டம் கட்டாயப்படுத்துகிற பலதும் அன்று அவரவர் இஷ்டம். ரோட்டில் யாரையாவது இடித்துவிட்டால் கொடுக்க வேண்டிய நஷ்டஈடுகூட எக்ஸ்ட்ராதான். வேண்டுமானால் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் எனக்கு வாடிக்கை. தாராளமான மனிதர். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லா எக்ஸ்ட்ராவுக்கும் சரி என்றுவிட்டார். வண்டியைக் கடலைப் பார்த்த ஓலைக்கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தார். ஒருநாள் ஏறி உட்கார்ந்து காலை ஊன்றினார், கால் தரையில் இருந்தது. காரின் தரை இல்லை, கோட்டக்குப்பத்துத் தரை! உப்புக்காற்று அடிப்பக்கம் முழுவதையும் தின்றுவிட்டிருந்தது. "எத்தினி எக்ஸ்ட்ரா போட்டீங்க, துருவுக்கு ஒண்ணு போட்டீங்களா சார்? பேஜாராப் போச்சு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். துருவுக்கு எந்தக் கம்பெனியும் எதுவும் தராது. கொட்டகையை முன்பே போய்ப் பார்த்திருந்தால் வண்டியை ஊருக்குள் தள்ளி நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

இனி நயினார் விஷயத்துக்கு வருகிறேன். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பங்களில் பெரியவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். இவருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டி, செஞ்சி சாலையில் பாதி வழியில் வீடும் நிலமும். ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். அதை ஓட்டியவன் சூசை. கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, பாண்டிச்சேரியில் ஒரு பட்டறையில் எடுபிடியாக இருந்து வண்டி ஓட்டக் கற்றவன். அந்தக் காரைத் தன் சொந்தக் குழந்தை மாதிரி துடைத்து வைப்பான்.

பாலிசி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. புதுப்பிக்கச் சொல்லி நான் மண்டிக்குப் போனேன். மதராஸ் மானேஜர் அப்போதுதான் கறாராக எழுதியிருந்தார்: வெறும் பாலிசியோடு திரும்பி வருகிறவன் எனக்கு வேண்டாம், எக்ஸ்ட்ரா விற்றுக்கொண்டு வருகிறவனே வேண்டும் என்று. எனக்குக் கல்யாணமான புதிது. வேலை போனால் மாமனார் வீட்டில் தலைகாட்ட முடியாது. எனவே நான் முழு ஆயத்தத்தோடுதான் போனேன்.

நயினார் ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை அள்ளிக் காதோரம் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்ததா ஈரமா என்று அந்தச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும். பிறகு நாலைந்தை உடைத்து, தோலை ஊதி, பருப்பை நகத்தால் கீறிப் பார்ப்பார். மேலாக இருக்கும் மல்லாட்டையைப் பார்த்து அவர் ஒருநாளும் விலை சொன்னதில்லை.

நான் எக்ஸ்ட்ராக்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கலகம் நடந்து வண்டியை யாராவது கொளுத்தினால் ஒன்று. புயல் வெள்ளத்துக்கு ஒன்று. கண்ணாடி மட்டும் தனியாக உடைந்தால் ஒன்று. விளக்கு, ஹாரன், ஸ்டெப்னி களவு போனால் ஒன்று. டிரைவருக்கு அடிபட்டால் ஒன்று. ரோட்டில் போகிற மனிதருக்கோ ஆடுமாட்டுக்கோ நம் வண்டியால் சேதம் வந்தால் ஒன்று.

"மொத நாலும் போட்டுருங்க" என்றார் நயினார். "களவு, கண்ணாடி எல்லாம் நல்லதுதான். பின்னாடி சொன்ன ரெண்டு வேணாம்."

"அது ரெண்டும்தாங்க முக்கியம்."

அவர் கையிலிருந்த மல்லாட்டையை மூட்டையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏஜண்டு, நாங்க எறும்பு வருதான்னு பாத்து நடக்கிற சனம். ஒரு மாட்ட அடிச்சிட்டா குடுக்கறதுக்குன்னு இன்னிக்கே பணம் கட்டி வைக்கச் சொல்றீங்க. அப்படின்னா நாளிக்கு அடிக்கப் போறேன்னு இன்னிக்கே ஒத்துக்கினேன்னு அர்த்தம். உயிர அடிக்கிறதுக்கு யாராவது முன்பணம் குடுப்பாங்களா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் உண்மையாகவே வாடியிருந்தது.

அதற்குள் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த சூசை துணியோடு உள்ளே வந்துவிட்டான். "டிரைவருக்கு அடிபட்டான்னு சொன்னீங்களே, அது யாரு சார்? நான்தானே? இத்தினி நாளா ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. என் கை மேல சந்தேகம்னா இப்பவே சாவியக் குடுத்துட்டுப் போறேன். நயினாரே, நீங்க வேற ஆளு பாத்துக்கோங்க."

"நீ போய் வண்டியப் பாருடா" என்றார் நயினார். ஆனால் அவர் பயந்துவிட்டார் என்பது தெரிந்தது. சூசை மாதிரி ஒரு டிரைவர் அந்த வட்டாரத்தில் கிடைக்கமாட்டான்.

நிலைமையைப் பாருங்கள். நாலு எக்ஸ்ட்ராவுக்குச் சம்மதம் கையில் இருக்கிறது. மானேஜர் குளிர்ந்துபோவார். வாங்கிக்கொண்டு ரயிலேறியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவருக்கு வேண்டாத நாலை விற்று, வேண்டிய இரண்டை விட்டுவிட்டு வருவது எனக்கு உறுத்தியது. அவருடைய வண்டியை யார் கொளுத்தப் போகிறார்கள்? அந்த மேட்டு நிலத்தில் ஏது வெள்ளம்? ராத்திரியெல்லாம் கார் அவர் வீட்டு முற்றத்தில், அதன் பக்கத்தில் சூசையின் கயிற்றுக் கட்டில். எவன் வந்து ஹாரனைக் கழற்றுவான்? ஒரு கண்ணாடி உடைந்தால் அவர் கைப்பணத்திலேயே மாற்றிக்கொள்வார். இவ்வளவும் எனக்குப் புரிந்தது. அந்த இரண்டு ஏன் அவசியம் என்பதுதான் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை. அதனால் அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"மாதிரி பாக்காம நீங்க மூட்டை எடுப்பீங்களா?"

"எடுக்கமாட்டேன்."

"அப்ப நானும் மாதிரி பாக்கணும். இன்னிக்குச் சாயந்திரம் உங்களோட வண்டியில வர்றேன். பாத்துட்டு எது வேணும் வேணாம்னு சொல்றேன்."

அவருக்கு அது பிடித்துப்போனது. "வாங்க, வாங்க. சூசை, ஏஜண்டுக்கு முன்சீட்டு" என்று உத்தரவு போட்டார்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் அவர்கள் வீட்டில் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. வெளிச்சம் இருக்கும்போதே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். தவறினால் மறுநாள் காலை வரை பட்டினி. அவர் வராமல் அவர் மனைவியும் சாப்பிடமாட்டார். மாட்டுவண்டி இருந்த காலத்தில் நயினார் மதியத்திலேயே மண்டியை விட்டுக் கிளம்பிவிடுவாராம். கார் வந்த பிறகு, ஜல்தியாகப் போய்விடலாம் என்ற தைரியத்தில் கடைசிப் பேரம் முடியும் வரை உட்கார ஆரம்பித்தார். அன்றும் அப்படித்தான். ஒரு வியாபாரி இழுத்துக்கொண்டே இருந்தான். வாசலில் சூசை சூரியனைப் பார்ப்பதும் மண்டியைப் பார்ப்பதுமாக நிலைகொள்ளாமல் தவித்தான்.

ஒருவழியாகக் கிளம்பினோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற ரோடு மேற்கே போகிறது. சாயங்காலச் சூரியன் நேரே டிரைவர் கண்ணில். சூசை ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு மறு கையால் ஓட்டினான். ஓட்டினான் என்ன, பறந்தான்.

"கொஞ்சம் மெதுவாப் போலாமே" என்றேன்.

"எப்படி சார் மெதுவாப் போறது? பொழுது போய்க்கினு இருக்குது. இவரு பட்டினி கெடந்தாக்கூடப் பொறுத்துப்பாரு, ஆம்பள. வூட்ல அம்மாவும் பட்டினி படுத்துடுவாங்க. நான் மட்டும் வயிறாரத் துன்னுட்டுத் தூங்கணுமா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தினந்தோறும் இவன் வேகமாக ஓட்டுவது அந்த இருவர் மேலும் உள்ள பிரியத்தில். திமிரில் வேகமாக ஓட்டுகிறவனைத் திட்டி நிறுத்தலாம். இவனை என்ன சொல்லி நிறுத்துவது?

மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வீடு திரும்பும் நேரமும் அதுதான். முன்னால் ரோடு முழுவதும் புழுதி. அந்தப் புழுதியில் சூரிய வெளிச்சம் பட்டு எதுவுமே தெரியவில்லை. சூசை ஹாரனை அமுக்கினான். பெரிய மாடுகள் ஒதுங்கின. ஒரு கன்று மட்டும் மிரண்டு நேராக எங்கள் முன்னால் ஓடி வந்தது. பின்சீட்டிலிருந்து நயினார், "ஐயோ, கன்னு!" என்று அலறினார்.

சூசை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வண்டியை அப்படியே இடது பக்கம் ஒடித்தான். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, ஒரு புளியமரத்தில் மோதி வண்டி நின்றது. ஸ்டியரிங் படாரென்று சுழன்று அவன் வலது கையில் அடித்த சத்தம் பக்கத்திலிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்கும் நயினாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கன்று ரோட்டோரம் நின்று எங்களை வேடிக்கை பார்த்தது.

சூசை கையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். முதலில் அவன் கேட்டது, "கன்னு பொழைச்சுக்கிச்சா நயினாரே?"

மாடுகளை ஓட்டிவந்த பெண் அதற்குள் ஓடிவந்து கன்றைக் கட்டிக்கொண்டாள். தலை முதல் வால் வரை தடவிப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. நயினார் அவளிடம் போனார்.

"கன்னு போயிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

"என்னா பண்றதுங்க? கன்னு இல்லன்னா தாய் பால் குடுக்காது. பால் வித்துத்தான் நாலு வவுறு ரொம்புது. அழுதுட்டு வூட்டுக்குப் போயிருப்பேன்."

"எங்கிட்ட வந்து கேட்டிருக்க மாட்டியா?"

அவள் இதென்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தாள். "காருல போறவங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கறதுக்கு எங்களுக்கு ஏதுங்க தெம்பு?" என்று சொல்லிவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நயினார் திரும்பி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இடது மட்கார்டு அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஒரு விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

"மட்கார்டுக்கு யாரு குடுப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"கம்பெனிதாங்க. பழைய பாலிசியிலயே அது இருக்கு."

"லைட்டு?"

"அதுவும் கம்பெனிதான்."

"கண்ணாடி? அதுக்கு எக்ஸ்ட்ரா போடணும்னீங்களே."

"மோதல்ல உடைஞ்சா அதுவும் பாலிசியிலயே சேர்த்திதாங்க. சும்மா நிக்கும்போது கல்லு பட்டு உடைஞ்சாத்தான் எக்ஸ்ட்ரா."

அவர் சூசையைப் பார்த்தார். மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது. "சூசை கை?"

தகரத்துக்கு உண்டு, கண்ணாடிக்கு உண்டு, ஆனால் ஒரு கன்றுக்காகத் தன் கையைக் கொடுத்தவனுக்கு என் பெட்டியில் ஒன்றும் இல்லை. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"நான் உயிர அடிக்கக் கூடாதுங்கறேன்" என்றார் நயினார் மெதுவாக. "அதுக்கு இவன் கை ஒடையுது."

மல்லாட்டையை மண்டியில் போட்டுவிட்டு வந்த வெறும் மாட்டுவண்டி ஒன்று பின்னால் வந்தது. அதில் ஏறி, பக்கத்து ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போனோம். அவர் கையைத் தடவிப் பார்த்து, எலும்பு முறிந்திருக்கிறது என்றார். மூங்கில் பத்தையை எடுத்தார், உளுத்தம் மாவை எடுத்தார், "முட்டை ஒண்ணு வேணும்" என்றார். சூசை பதறிப்போனான். "முட்டையெல்லாம் வேணாங்க, நயினாரு இருக்காரு. வெறும் மாவே போதும்."

"அவன் கையி. அதுக்கு எது வேணுமோ அதப் போடுப்பா" என்று சொல்லிவிட்டு நயினார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கட்டுப் போட்டு முடிக்கிற வரை திரும்பவில்லை.

வீடு போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நயினாரின் மனைவி முழுக்கதையையும் நின்றபடியே கேட்டார். சூசை ஒரே புலம்பல்: "என்னாலதான் அம்மா, உங்களுக்கும் பட்டினி." அந்த அம்மா அவனை அதட்டி உட்கார வைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"காலையில போவும்போதே ராத்திரிச் சோத்தையும் கட்டிக் குடுத்துட்டா, பொழுதோட மண்டியிலயே துன்னுட்டு மெதுவா வர்றது. நானும் இங்க என் பாட்டுக்குச் சாப்பிட்டுடுவேன். இந்த யோசனை உங்க மூணு பேருக்கும் தோணலியா? எக்ஸ்ட்ராவாம் எக்ஸ்ட்ரா!"

எங்கள் கம்பெனியில் அப்படியொரு மூளை யாருக்கும் இருந்ததில்லை.

சூரியன் இருக்கும்போது சமைத்த சோறு அப்படியே இருந்தது. அதை எனக்கும் சூசைக்கும் போட்டார்கள், வாசல் பக்கமாக. சூசைக்கு வலது கையில் கட்டு. இடது கையால் பிசைய முடியாமல் அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நயினார் அவன் எதிரே வந்து குந்தினார். குழம்பை ஊற்றி, தன் கையால் பிசைந்து, உருட்டி உருட்டி அவன் இடது கையில் வைத்தார். அந்தக் காலத்தில், அந்த ஊரில், அவர் அவனுக்குச் சோறு பிசைவது நடக்கிற காரியமே இல்லை. அவரோ பட்டினி. சூசை தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தான்.

காலையில் நயினார் என்னைக் கூப்பிட்டார். "மாதிரி பாத்துட்டீங்க இல்ல? சொல்லுங்க."

"முதல் நாலும் உங்களுக்கு வேணாம்ங்க. பின்னாடி ரெண்டும் வேணும். அம்மா சொன்ன மாதிரி சோறு கட்டிக்கினு போனா ஆபத்து பாதி தீர்ந்துது. மிச்சப் பாதிக்குத்தான் நான்."

"அந்தப் பொம்பள என் வாசலுக்கே வரமாட்டேன்னுட்டா. அத நான் நெனச்சுப் பாக்கல. பாலிசி இருந்தா அவ வந்து கேக்காமலே நானே கம்பெனியக் குடுக்கச் சொல்லலாம்" என்றார். "ரெண்டையும் போடுங்க. சூசை, உன் கைக்கு ஒண்ணு போடப் போறேன். கோவிச்சுக்கினு போறதா இருந்தா கை கூடினப்பறம் போ."

"அதுக்கு வரமாட்டாங்களே இந்தக் கம்பெனிக்காரங்க? இது முன்னாடியே ஒடைஞ்சதாச்சே. அது வரிக்கும் என் சம்பளம்?"

"அது வரிக்கும் நான்தான்டா உன் கம்பெனி."

நான் அந்த நாலையும் அடித்துவிட்டு இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு விழுப்புரம் திரும்பினேன். மானேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை உங்களிடம் விவரிக்கப் போவதில்லை. ஆனால் நயினார் மண்டியில் சொன்ன வார்த்தையால் திண்டிவனத்து வியாபாரிகள் ஒவ்வொருவராக என்னைத் தேடி வந்தார்கள். "மாதிரி பாத்துட்டுச் சொல்ற ஏஜண்டு" என்று எனக்குப் பெயரே ஆகிவிட்டது. அதற்காக எத்தனையோ லொடலொட வண்டிகளில் ஏறி இடுப்பை ஒடித்துக்கொண்டேன்.

எது வேண்டும் எது வேண்டாம் என்பதற்குச் சூத்திரம் எதுவும் என்னிடம் கிடையாது. நான் பார்ப்பது இதுதான்: செலவில்லாமல் தீர்க்கக்கூடியதை முதலில் தீர்க்கச் சொல்வேன். போனால் அவர் தாங்கிக்கொள்வார் என்பதை விட்டுவிடச் சொல்வேன். யாரால் தாங்கமுடியாதோ அவர் வண்டிக்குச் சொந்தக்காரராக இல்லாவிட்டாலும் அவருக்காகப் பிடிவாதம் பிடிப்பேன். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு ஒருநாள் சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு லாரிக்காரர் கடையைப் பூட்டுவதற்குள் அவரைப் பிடித்தாக வேண்டும். பாதி வழியில் பஸ் ஊர ஆரம்பித்தது. டிரைவர் ஹாரனை அலறவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரு மாட்டு மந்தை, அதன் பின்னால் ஒரு கார், கடைசி மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு போவது போல அவ்வளவு நிதானமாக. புது மட்கார்டு மட்டும் வண்டியோடு சேராத நிறத்தில் இருந்தது. பின்கண்ணாடியில் நயினாரின் தலை தெரிந்தது. வயிறு நிறைந்த மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பஸ் டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். காரின் ஜன்னலிலிருந்து ஒரு வலது கை வெளியே நீண்டது. மணிக்கட்டில் லேசாக ஒரு கோணல். "பொறு, பொறு" என்று மேலும் கீழும் அசைந்தது.

லாரிக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த நஷ்டத்துக்கு எக்ஸ்ட்ரா ஏதும் கிடையாது. அந்தக் கை அசைந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு அது நஷ்டமாகவே தெரியவில்லை.